பழைய ஹாட் டப் வாங்கினா தண்ணிய விடுங்க, முதல்ல பைப்ப கவனிங்க

சிங்கப்பூர் வெயிலுக்கு ஹாட் டப் எதுக்குன்னு கேக்கிறவங்க கேக்கட்டும், நாள் முழுக்க ஏர்கான்ல உக்காந்து முதுகு இறுகிப் போனவங்களுக்கு ராத்திரி ஒரு இருபது நிமிஷம் வெதுவெதுன்னு தண்ணில உக்காந்து எந்திரிக்கிறது எவ்வளவு பெரிய ஆறுதல்னு எங்க அத்தானைப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா வீடு தரைவீடு, பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, ஊரைக் காலி பண்ணிட்டுப் போற ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்து அஞ்சு பேர் உக்கார்ற பழைய டப் ஒண்ண அத்தான் வாங்கினாரு. எனக்கு மீன் தொட்டி வச்சு தண்ணி டெஸ்ட் பண்ற பழக்கம் இருக்கிறதால தண்ணிப் பொறுப்பு எங்கிட்ட வந்துச்சு. இப்போ சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கிறவங்கன்னு செகண்ட்ஹேண்ட் டப் வாங்குறவங்க எல்லாம் போன் பண்ணி என்ன கெமிக்கல் போடணும்னு கேக்கிறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்க முழுசா எழுதிடுறேன்.

(வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்லயோ கொண்டோ (தனியார் அடுக்குமாடி) பால்கனிலயோ வைக்கலாம்னு யாராவது யோசிச்சா தயவுசெஞ்சு வேணாம். எங்க டப் 1,100 லிட்டர், தண்ணி மட்டுமே ஒரு டன்னுக்கு மேல, அதுக்கு மேல டப்போட எடை, ஆளுங்க எடை. கரன்ட் வேலையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன வச்சுத்தான் பண்ணணும், ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா அணையுற ஸ்விட்ச்) சரியா ட்ரிப் ஆகுதான்னு அவர் முன்னாடியே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாத்துக்கோங்க.)

டப்பைப் பாக்கப் போனப்போ தண்ணி அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அத்தான் "தம்பி, இதுல என்னப்பா செய்யறதுக்கு இருக்கு, அப்படியே கொண்டு போய் நிரப்பி உக்கார வேண்டியதுதானே"ன்னு கேட்டாரு. நான் தலை சாய்க்கிற தலகாணி ஒண்ண புடுங்கிப் பாத்தேன். பின்னாடி கருப்பா வழவழன்னு ஒரு படலம். தண்ணியப் பீச்சி அடிக்கிற ஒரு ஜெட்ட திருகி வெளிய எடுத்தேன், அதோட உள்பக்கம் பழுப்பா சளி மாதிரி ஒட்டியிருந்துச்சு, மோந்து பாத்தா மூடி வச்ச லோங்காங் (சாக்கடை) வாசம். வெளிய தெரியிற தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் உள்ள இருக்கிறது இதுதான்.

இதை பயோஃபிலிம்னு சொல்வாங்க. கிருமிங்க சும்மா தண்ணில மிதந்துக்கிட்டு இருக்கிறதில்ல, பைப்போட உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு தன்னைச் சுத்தி ஒரு பிசின உண்டாக்கி அதுக்குள்ள பத்திரமா குடியிருக்கும். நாம சாதாரணமா போடுற குளோரின் அந்தப் பிசினோட மேல்பக்கத்த மட்டும் தொட்டு அங்கயே தீந்து போயிடும், உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஹாட் டப்ல பாதி பைப் எப்பவும் தண்ணி நிறைஞ்சிருக்காது, காத்து போற பைப் எல்லாம் பாதி ஈரமா பாதி காஞ்சு இருக்கும், டப்ப காலி பண்ணினாலும் வளைவுங்கள்ல தண்ணி தேங்கி நிக்கும். அந்த நிலையில லாரில ஏத்தி, யாரோ ஒருத்தர் ஸ்டோர்ல மாசக் கணக்கா போட்டு வச்சு, 30 டிகிரி சூட்டுல கிடந்து வர்ற டப்புக்குள்ள என்ன வளந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

பயமுறுத்துறதுக்காக சொல்லல, ஆனா தெரிஞ்சிருக்கணும். லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி, 1976ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒண்ணுல நடந்த முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் பிறகு பல பேர் நிமோனியா வந்து செத்தப்போதான் உலகத்துக்கே தெரிய வந்துச்சு. அது தண்ணியக் குடிச்சு வர்றதில்ல, பொடித்துளியா காத்துல கலந்து நாம மூச்சுல இழுக்கிறப்போ வருது, ஹாட் டப் ஜெட் செய்யறதே அந்தப் பொடித்துளி வேலைதான். 1999ல நெதர்லாந்துல போவன்கார்ஸ்பல்ங்கிற ஊர்ல நடந்த பூக் கண்காட்சில விற்பனைக்குக் காட்டி வச்சிருந்த ஹாட் டப்ல இருந்து பரவி குறைஞ்சது 32 பேர் இறந்தாங்க. யாரும் அதுக்குள்ள இறங்கிக் குளிக்கல, பக்கத்துல நடந்து போனாங்க அவ்வளவுதான். இந்தக் கிருமிக்குப் பிடிச்ச சூடு சுமாரா 25ல இருந்து 45 டிகிரி. குளிர் நாடுங்கள்ல ஹீட்டர அணைச்சா தண்ணி ஆறிப் போயிடும், நம்ம ஊர்ல ஹீட்டர் அணைச்சே இருந்தாலும் தண்ணி அதுக்குப் பிடிச்ச சூட்டுலயேதான் நிக்கும்.

இன்னொண்ணு சூடோமோனாஸ். குளிச்ச சில மணி நேரத்துலயோ ரெண்டு மூணு நாள் கழிச்சோ சிவப்பு சிவப்பா பொரியும், நீச்சல் உடுப்பு மூடியிருந்த இடத்துல அதிகமா வரும். இங்க எல்லாரும் அத வேர்க்குருன்னு நினைச்சு பவுடர் போட்டுட்டு மறுநாளும் அதே தண்ணில இறங்குவாங்க. டப்புல இறங்கின ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல பொரிஞ்சா அது வேர்க்குரு இல்ல, தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, டாக்டர்கிட்ட ஹாட் டப் விஷயத்தையும் சொல்லுங்க.

சரி, செஞ்சத சொல்றேன். டப்ப வீட்ல இறக்கினதும் முதல்ல பழைய ஃபில்டர தூக்கிப் போட்டோம், அத கழுவி வைக்கலாம்னு அக்கா சொன்னாங்க, வேணாம்னு நான் பிடிவாதமா நின்னேன், அந்த மடிப்புக்குள்ள இருக்கிற அழுக்க யாராலயும் முழுசா எடுக்க முடியாது. ஃபில்டர் இல்லாமலே தண்ணிய நிரப்பி, குளோரின கொஞ்சம் ஏத்திட்டு, பைப்புக்குள்ள இருக்கிற பிசின கழட்டுறதுக்குன்னே விக்கிற ஜெல்லைப் போட்டு, எல்லா ஜெட்டையும், காத்து வால்வையும் திறந்து விட்டோம். பத்து நிமிஷம் வரைக்கும் வெள்ளை நுரைதான். அதுக்குப் பிறகு நுரை மெல்ல மெல்ல பழுப்பாச்சு, ஊறின டிஷ்யூ பேப்பர் துணுக்கு மாதிரி ஏதோ ஏதோ ஜெட்ல இருந்து துப்பிக்கிட்டு வந்துச்சு, தண்ணி மட்டத்துல டப்பைச் சுத்தி கருஞ்செம்பு நிறத்துல ஒரு கோடு கட்டிடுச்சு. அத்தான் ஒண்ணுமே பேசல, பழைய டவல எடுத்துட்டு வந்து துடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

துடைச்சு, தண்ணிய இறக்கி, மறுபடி நிரப்பி, மறுபடி ஜெல். நுரை வெள்ளையாவே நின்னு கோடு எதுவும் கட்டாத வரைக்கும் இதத் திரும்பத் திரும்ப செய்யணும், ஒரு தடவையோட முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. இங்கதான் சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு வசதிய சொல்லணும், குழாய்த் தண்ணி 2025 ஏப்ரல்ல இருந்து கன மீட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜிஎஸ்டி சேத்தாக் கூட எங்க டப்ப ஒரு தடவ நிரப்ப நாலு வெள்ளிக்குள்ளதான் ஆகுது. குழாய்ல வர்ற தண்ணியே ஏற்கனவே வெதுவெதுப்பா இருக்கு, பத்து டிகிரி ஏத்தினா போதும், கணக்குப் போட்டா ஏறக்குறைய 13 யூனிட் கரன்ட். ஆக ஒரு டப் தண்ணிய கீழ விடுறது ஒரு வேளை மீன் தலைக் கறிய விட ரொம்ப சல்லிசு. கெட்டுப் போன தண்ணிய வச்சுக்கிட்டு அதுக்கு மருந்து மேல மருந்து வாங்கிப் போடுறதுல அர்த்தமே இல்ல.

ஜெல் வேலை முடிஞ்ச பிறகு கிருமியக் கொல்ற வேலை. லெஜியோனெல்லா பட்ட டப்புக்கு அமெரிக்காவோட சிடிசி (நோய்த் தடுப்பு மையம்) சொல்ற முறைய அப்படியே எடுத்துக்கிட்டேன், எந்தக் கிருமி இருந்துச்சுன்னு தெரியாத டப்புக்கு இதுதான் பாதுகாப்புன்னு எனக்குப் பட்டுச்சு. ஃப்ரீ குளோரின (வேற எதோடயும் சேராம கிருமியக் கொல்லத் தயாரா இருக்கிற குளோரின்) 20 பிபிஎம்க்கு, அதாவது பத்து லட்சத்துல 20 பங்குக்கு ஏத்தி, முதல் ஒரு மணி நேரம் ஜெட் இல்லாம தண்ணி மட்டும் சுத்தி வரணும், பிறகு ஒம்பது மணி நேரம் ஜெட்டோட ஓடணும், நடுவுல 20ல இருந்து இறங்கினா மறுபடி ஏத்தணும். டப் கவர் திறந்தே இருக்கணும், பிள்ளைங்க பக்கத்துல வரக் கூடாது, காத்தோட்டமான இடமா இருக்கணும். அதுக்குப் பிறகு அந்தத் தண்ணியையும் இறக்கிட்டு, புது ஃபில்டர் போட்டு, கடைசியா ஒரு தடவ நிரப்பினதுதான் குளிக்கிற தண்ணி.

குளோரின் கணக்கு ரொம்ப சுலபம், ஒரு தடவ புரிஞ்சுட்டா எந்த ஆப்பும் வேணாம். ஆயிரம் லிட்டர் தண்ணில ஒரு கிராம் குளோரின் போட்டா 1 பிபிஎம். சூப்பர்மார்க்கெட்ல விக்கிற சாதா ப்ளீச் ஏறக்குறைய 5 சதவீதம்னு வச்சுக்கோங்க, ஒரு லிட்டர்ல 50 கிராம், அப்போ 20 மில்லில ஒரு கிராம். எங்க 1,100 லிட்டர் டப்புக்கு 22 மில்லி போட்டா 1 பிபிஎம் ஏறும், 20 பிபிஎம்க்கு 440 மில்லி. வாசனை போட்டது, கெட்டியா ஜெல் மாதிரி ஊத்துறது, துணி வெளுக்க சோப்பு கலந்தது இதெல்லாம் வேணாம், லேபிள்ல சோடியம் ஹைபோகுளோரைட்டும் தண்ணியும் மட்டும் இருக்கிற வெறும் ப்ளீச். இன்னொரு விஷயம், நம்ம ஊர் சூட்டுல ப்ளீச் சீக்கிரமே வீரியம் குறையும், ஆஃபர்ல கிடைக்குதுன்னு பெரிய கேன் வாங்கி ஸ்டோர்ல அடுக்காதீங்க, சின்ன பாட்டிலா வாங்கி வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க.

இப்போ நல்ல தண்ணி நிரப்பியாச்சு, அத பேலன்ஸ் பண்றது. மீன் வளக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், பியூபி (தண்ணி வாரியம்) தண்ணில இருக்கிறது வெறும் குளோரின் இல்ல, அம்மோனியாவோட சேந்த குளோரமின். அதனால புதுசா நிரப்பின உடனே டெஸ்ட் பண்ணினா டோட்டல் குளோரின் ஏதோ காட்டும், ஃப்ரீ குளோரின் கிட்டத்தட்ட ஒண்ணும் இருக்காது. டோட்டல் காட்டுறதப் பாத்து "குளோரின் இருக்கே"ன்னு இறங்கிடாதீங்க. முதல்ல போடுற ப்ளீச்ல ஒரு பங்கு அந்தக் குளோரமின உடைக்கவே செலவாகிடும், கணக்குப் போட்டத விட முதல் தடவ கூடுதலா கேக்கும், அது சகஜம்.

அடுத்தது ஆல்கலினிட்டியும் (அமிலத்தத் தாங்குற சக்தி) பிஎச்சும் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற எண்). ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கிறதால நிறைய பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க. பிஎச் ஏறுது, ஆசிட் போடுறாங்க, இறங்குது, ஜெட் ஓட்டினதும் மறுபடி ஏறுது, மறுபடி ஆசிட். காரணம் என்னன்னா ஜெட் தண்ணிய அடிச்சுக் கலக்கிறப்போ கரைஞ்சிருக்கிற கார்பன் டையாக்ஸைடு வெளிய போயிடும், அது போகப் போக பிஎச் தன்னால ஏறும். ஆல்கலினிட்டி எவ்வளவு கூட இருக்கோ அவ்வளவு வேகமா ஏறும். புத்தகத்துல எல்லாம் 80ல இருந்து 120 பிபிஎம்னு போட்டிருக்கும், ஆனா ப்ளீச் ஊத்துற டப்புக்கு 50, 60 கிட்ட வச்சுக்கிட்டா பிஎச் ஒரு இடத்துல நிக்குது, எங்க டப்ல அப்படித்தான் அடங்குச்சு. ஆல்கலினிட்டி ரொம்பக் குறைஞ்சு போனா சமையல் சோடா போதும், ஆயிரம் லிட்டருக்கு 17 கிராம் போட்டா 10 பிபிஎம் ஏறும், இதுக்குன்னு கலர் டப்பால விக்கிற மருந்துலயும் பெரும்பாலும் அதே சோடாதான். குறைக்கணும்னா ட்ரை ஆசிட்ட (பொடியா வர்ற ஆசிட்) கொஞ்சம் கொஞ்சமா போட்டு பிஎச் 7.2க்கு இறக்கி, ஜெட்ட ஓட விட்டு காத்தாலயே பிஎச்ச ஏத்திக்கோங்க, ரெண்டு மூணு சுத்துல ஆல்கலினிட்டி இறங்கிடும்.

பிஎச் ஏன் இவ்வளவு முக்கியம்னா குளோரின் வேலை செய்யறதே அதப் பொறுத்துதான் இருக்கு. பிஎச் 7.5ல தண்ணில உள்ள ஃப்ரீ குளோரின்ல பாதி கிருமியக் கொல்ற வடிவத்துல இருக்கும், 8க்குப் போயிட்டா கால்வாசிக்கும் கீழ. கண் எரியுது, தோல் அரிக்குதுங்கிறது வேற. சிடிசி ஹாட் டப்புக்கு சொல்றது பிஎச் 7.0ல இருந்து 7.8, ஃப்ரீ குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம், குளோரினுக்குப் பதிலா ப்ரோமின் போட்டா குறைஞ்சது 4. கால்சியத்துக்கு நான் ரொம்ப மண்டைய உடைக்கல. எங்க வீட்டுத் தண்ணி மென்மையான தண்ணி, கால்சியம் குறைஞ்சா நுரை அதிகமா வரும்ங்கிறதால கால்சியம் குளோரைடு கொஞ்சம் போட்டு 150 பிபிஎம் கிட்ட கொண்டு வந்து நிறுத்திட்டேன், அதோட சரி.

பழைய ஓனர் டப்போட சேத்து ஒரு பை நிறைய கெமிக்கல் குடுத்துட்டுப் போனாங்க. அதுல பெரிய பெரிய வெள்ளை மாத்திரை, ட்ரைகுளோர், நீச்சல் குளத்துக்குப் போடுறது. நல்ல மனசோடதான் குடுத்தாங்க, ஆனா அந்த டப்போட பாதிப் பிரச்சினை அதுலதான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். ட்ரைகுளோர் கடுமையான ஆசிட், சின்ன டப்புல அது ஒரு மூலைல கரைஞ்சு ஹீட்டரையும் சீலையும் அரிச்சுடும். அதவிடப் பெரிய விஷயம் அது ஒவ்வொரு தடவையும் சயனூரிக் ஆசிட்ட தண்ணில விட்டுட்டுப் போகும், குளோரின் செலவாகிடும், சயனூரிக் அப்படியே தங்கிடும். கொஞ்சம் இருந்தா வெயில்ல இருந்து குளோரின காப்பாத்தும், அதிகமானா குளோரினோட கைய கட்டிப் போட்டுடும். அவங்க வீட்ல நான் எடுத்துட்டு வந்த சாம்பிள்ல குளோரின் நல்லாவே காட்டுச்சு, சயனூரிக் டெஸ்ட்ல அளவு கோட்டுக்கு மேலயே போயிடுச்சு. டெஸ்ட்ல குளோரின் இருக்கும், தண்ணி தெளிவா இருக்கும், பைப்புக்குள்ள கிருமி நிம்மதியா வளரும். இந்த மூணும் ஒண்ணா நடக்கும்ங்கிறத தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க.

டைகுளோர் பொடியும் அதே கதைதான், 10 பிபிஎம் குளோரின் ஏத்தினா கூடவே 9 பிபிஎம் சயனூரிக் வரும். சயனூரிக் ஹாட் டப்ல வேணவே வேணாம்னுதான் சிடிசி சொல்லுது. வீட்டு டப் வச்சிருக்கிறவங்க பல பேர் 30 பிபிஎம் வரைக்கும் மட்டும் டைகுளோர் போட்டுட்டு பிறகு வெறும் ப்ளீச்சுக்கு மாறிடுவாங்க, துளிகூட இல்லைன்னா குளோரின் வாசம் தூக்குது, சீக்கிரம் பறந்தும் போகுதுன்னு. நானும் முதல்ல 60 கிராம் கிட்ட டைகுளோர சில நாளா பிரிச்சுப் போட்டுட்டு நிறுத்திட்டேன், அதுக்கு ஈடா ஃப்ரீ குளோரின 3ல நிறுத்தாம எப்பவும் 5க்கு மேல வச்சிருக்கேன். டப்புல வயசானவங்களோ உடம்புக்கு முடியாதவங்களோ இறங்குறாங்கன்னா சயனூரிக்கே இல்லாம வெறும் ப்ளீச்சோ ப்ரோமினோ வச்சுக்கிறதுதான் சரின்னு சொல்வேன்.

அந்த மாத்திரைய என்ன பண்றதுன்னு அக்கா கேட்டாங்க. அத மத்த குளோரின் பொடியோட ஒரே டப்பால கொட்டவே கூடாது, வேற வேற வகைக் குளோரின் கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கும். ப்ளீச்சும் ஆசிட்டும் ஒரே அலமாரில வைக்காதீங்க, சேந்தா வர்றது விஷ வாயு. தண்ணில போடுறப்பவும் ஒண்ணப் போட்டு நல்லா சுத்த விட்டு, அரை மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. ஆள் உள்ள இருக்கிறப்போ எதையும் ஊத்தக் கூடாது.

டெஸ்ட் பண்றதுக்கு ஸ்ட்ரிப் மட்டும் போதாது. இங்க இருக்கிற ஈரக் காத்துக்கு டப்பாவ ரெண்டு தடவ திறந்து மூடினாலே ஸ்ட்ரிப் நிறம் மாற ஆரம்பிச்சுடுது, நான் அத கேமரா வைக்கிற ட்ரை பாக்ஸ்லதான் வச்சிருக்கேன், அப்பவும் அவசரத்துக்கு மட்டும்தான். குளோரினுக்கு துளி விட்டு எண்ற கிட் வாங்குங்க, எஃப்ஏஎஸ்-டிபிடின்னு சொல்வாங்க. சின்னக் குழாய்ல 10 மில்லி தண்ணி, அதுல பொடி போட்டா தண்ணி ரோஸ் நிறமாகும், பிறகு ஒவ்வொரு துளியா விட்டு ஆட்டிக்கிட்டே வரணும், ரோஸ் வெளிறி வெளிறி சட்டுன்னு ஒரு துளில தண்ணி நிறமே இல்லாம ஆகிடும். எத்தனை துளியோ அதுல பாதி பிபிஎம், பத்துத் துளின்னா 5. அக்கா பொண்ணுதான் இப்போ எண்றா, ஆறாம் வகுப்புப் பிள்ளை, அவ்வளவு சுலபம். நிறத்த அட்டையோட ஒப்பிடுற சாதா டிபிடி கிட்ல ஒரு ஆபத்து இருக்கு, குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா ரோஸ் நிறமே வெளுத்துப் போய் பூஜ்யம் மாதிரி காட்டும், நீங்க இன்னும் ஊத்துவீங்க.

பைப் சுத்தமாச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க நான் நம்புறது ஒரே ஒரு சோதனைதான். யாரும் இறங்காம, கவர மூடி, குளோரின அளந்துட்டு 24 மணி நேரம் கழிச்சு மறுபடி அளங்க. கால்வாசிக்கு மேல குறையாம இருந்தா நல்ல தண்ணி. பாதிக்கு மேல காணாம போயிருந்தா உள்ள ஏதோ அதத் தின்னுக்கிட்டு இருக்கு, மறுபடி ஜெல் போடுற வேலைக்குத்தான் போகணும், வேற எந்த மருந்து வாங்கினாலும் காசு வேஸ்ட்.

தினசரி வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. குளிச்சு முடிச்ச உடனே ப்ளீச் ஊத்தணும், மறுநாள் பாத்துக்கலாம்னு விடக் கூடாது, அதுதான் முக்கியம். ஒரு ஆள் அரை மணி நேரம் உக்காந்தா வேர்வைக்கும் தோல் அழுக்குக்கும் சேத்து 80 மில்லி கிட்ட ப்ளீச் கேக்கும், ரெண்டு பேர்னா அது ரெட்டிப்பு. ஊத்திட்டு கவர இருபது நிமிஷம் திறந்து வச்சுட்டு பிறகு மூடினா தலகாணியும் கவரோட அடிப்பக்கமும் சீக்கிரம் கெடாது.

நம்ம வீடுங்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, எண்ணெய். தீபாவளிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, காலைல எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் பிள்ளைங்க எல்லாம் டப்புல. தலைய சீயக்காய் போட்டு அலசினோம்னுதான் சொன்னாங்க, ஆனா எண்ணெய் முழுசா எங்க போகுது. ஜெட்ட போட்டதும் நுரை விளிம்பு வரைக்கும் ஏறிடுச்சு, தண்ணி மட்டத்துல விரல வச்சு இழுத்தா மஞ்சளா பிசுபிசுன்னு வந்துச்சு, ராத்திரி அளந்தா குளோரின் சுத்தமா இல்ல, மறுநாள் ஃபில்டர எடுத்துப் பாத்தா மடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. நுரைக்குன்னு விக்கிற மருந்து நுரைய அமுக்கும், எண்ணெய எடுக்காது. அந்தத் தண்ணிய இறக்கிட்டோம். இப்போ அக்கா வீட்ல சட்டம், தலைக்கு எண்ணெய் வச்ச அன்னிக்கு டப் கிடையாது, மத்த நாள்லயும் ஷவர்ல சோப்பு போட்டுக் குளிச்சுட்டுத்தான் இறங்கணும், நீச்சல் உடுப்ப சோப்புத் தூள்ல ஊற வைக்காம வெறும் தண்ணில அலசணும்.

தைப்பூசத்தப்போ இன்னொண்ணு. அத்தானோட தம்பி காவடி எடுத்து பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் நடந்துட்டு வந்தவரு, மறுநாள் காலும் முதுகும் வலிக்குது, கொஞ்ச நேரம் வெந்நில உக்காரட்டுமான்னு கேட்டாரு. கேக்கவே பாவமா இருந்துச்சு, ஆனாலும் நான் விடல. அலகு குத்தின இடம் ஆறாம இருக்கு, எவ்வளவு நல்லா குளோரின் வச்சிருந்தாலும் திறந்த புண்ணோட ஹாட் டப்புல இறங்கக் கூடாது. பக்கெட்ல வெந்நி வச்சு கால மட்டும் ஊற வைக்கச் சொன்னேன். கர்ப்பமா இருக்கிறவங்க, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க, பிரஷர், இருதயப் பிரச்சினை உள்ளவங்க டாக்டர கேக்காம வேணாம். யாரா இருந்தாலும் 40 டிகிரிய தாண்டக் கூடாது, நம்ம ஊருக்கு 37, 38 தாராளம்.

சூடுன்னதும் ஞாபகம் வருது, இங்க டப்ப சூடாக்குறதவிட சூடேறாம பாத்துக்கிறதுதான் பல நேரம் வேலையா இருக்கு. டப் முழுக்க இன்சுலேஷன், வெளிய வெப்பம், பம்ப் ஓடுறப்போ அதோட சூடும் தண்ணிக்கே போகுது, 37ல வச்சாலும் மதியத்துல 39க்கு மேல போய் நிக்கும். ஹீட்டர் கெட்டுப் போச்சுன்னு ரிப்பேருக்கு ஆள் கூப்பிடாதீங்க, ஃபில்டர் ஓடுற நேரத்த ராத்திரிக்கு மாத்துங்க, பம்ப் ஓடுற மொத்த நேரத்த கொஞ்சம் குறைங்க. தண்ணி சூடேற ஏற குளோரினும் வேகமா தீந்து போகும், அதனால வெயில் அதிகமா இருக்கிற மாசங்கள்ல தினம் ஒரு தடவ அளந்துடுறது நல்லது.

கவர் விஷயத்த யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய கவர் உள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சு நடுவுல தொங்கிப் போயிருக்கும், மழை பேஞ்சா அதுல குளம் கட்டும். டப்புக்குள்ள குளோரின் இருக்கிறதால கொசு முட்டை போடாது, கவர் மேல தேங்கின மழைத் தண்ணில தாராளமா போடும். முட்டைல இருந்து ஏடிஸ் கொசுவா பறக்க ஒரு வாரம் போதும், என்இஏ (சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க வந்து டார்ச் அடிச்சுப் பாக்கிறப்போ உள்ள எவ்வளவு சுத்தம்னு விளக்கம் சொல்ல முடியாது. அத்தான் ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்த வாங்கி தண்ணி மேல மிதக்க விட்டு அதுக்கு மேல கவர மூடுறாரு, நடுப்பக்கம் மேடா நின்னு மழைத்தண்ணி வழிஞ்சு போயிடுது.

தண்ணிய எப்போ மாத்துறதுன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவ, ஆள் அதிகமா வந்துட்டா அதுக்கு முன்னாடியே. மாத்துறதுக்கு முந்தின நாள் ஒரு தடவ ஜெல் ஓட்டிடுவோம். இறக்கிற தண்ணிய லோங்காங்ல விடாதீங்க, அது நேரா வாய்க்கால் வழியா நீர்த்தேக்கத்துக்குப் போகுது, தீவோட மூணுல ரெண்டு பங்கு நிலம் நாம குடிக்கிற தண்ணிக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. சின்ன சப்மெர்சிபிள் பம்ப் வச்சு ஓஸ் வழியா பாத்ரூம் வடிகால்ல விட்டா கழிவுநீர்க் குழாய்க்குப் போயிடும், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடுது. கால் வைக்கிற பள்ளத்துல கடைசியா ஒரு அங்குலம் நிக்கும், அத வெட் வேக்யூம்ல உறிஞ்சி, அதே வேக்யூம ஒவ்வொரு ஜெட் வாய்லயும் வச்சு இழுத்தா பைப்புக்குள்ள நிக்கிறதும் வந்துடும்.

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறவங்க டப்ப நிரப்பி மூடி வச்சுட்டுப் போகாதீங்க. ப்ளீச் ஊத்த ஆளில்லாத வெதுவெதுப்பான தண்ணி நாலு வாரம் நின்னா ஆரம்பத்துல எடுத்த அத்தனை பிசினும் மறுபடி வந்து உக்காந்துடும். அக்கா குடும்பம் கிளம்புறதுக்கு முன்னாடி முழுசா இறக்கி, பைப்ப உறிஞ்சி, ஃபில்டர வெயில்ல காய வச்சு, மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டுப் போறாங்க. திரும்பி வந்து நிரப்பினதும் யாரும் உடனே இறங்குறதில்ல, ஒரு தடவ ஜெல் ஓட்டி இறக்கிட்டு, புதுத் தண்ணிய 10 பிபிஎம்ல ஒரு ராத்திரி சுத்த விட்டு, மறுநாள் கவரத் திறந்து வச்சு 5க்கு இறங்கினதும் அக்கா பொண்ணு துளி எண்ணி சரின்னு சொன்ன பிறகுதான் அத்தான் டவலோட வருவாரு.